தியானமும் திரைச்சீலையும்: இரமணாசிரமச் சூழலும் கொண்டையராஜுவின் ஓவிய வாழ்வும்

முன்னுரை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய இரமணாசிரமப் பகுதியில், மலையை நோக்கி அமர்ந்து வண்ணம் தீட்டுவோரைக் காண்பது இன்று அரிதன்று. உள்நாட்டவரும் வெளிநாட்டவருமாகிய இவர்களுள் பலர் கண்காட்சிக்காகவோ விற்பனைக்காகவோ வரைவதில்லை. வரைதலையே உள்நோக்கிய பயிற்சியாகக் கொள்கின்றனர். இதனை அயலார் கொணர்ந்த அண்மைக்காலப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. இன்று இப்பயிற்சி மேற்கொள்ளப்படும் முறையிலும் அதற்குத் தரப்படும் விளக்கங்களிலும் அயற்கூறு உண்டு என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும், ஓவியத்தையும் தியானத்தையும் இணைத்துப் பார்த்த தமிழ்ச்சூழலின் வரலாறு எங்கே சென்றது என்னும் வினா அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

அவ்வரலாற்றின் ஒரு முக்கிய இழை, நாம் வழக்கமாகத் தேடாத இடத்தில் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தியான ஓவியம் என்றவுடன் தனிமையில் தன்னை வெளிப்படுத்தும் நவீன ஓவியரே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் இரமணரை நாடிச் சென்று, அவரருகே தங்கி, பின் ஓவியத்தையே வாழ்வாகக் கொண்ட சி. கொண்டையராஜு (1898–1976) சென்று சேர்ந்த இடம் கலைக்கூடம் அன்று, நாட்காட்டிச் சந்தை. துறவிலிருந்து சந்தைக்கு அவர் சென்ற வழியை ஒரு வீழ்ச்சியாகக் கொள்வதா, தொடர்ச்சியாகக் கொள்வதா என்பது தமிழக ஓவிய வரலாற்றை எழுதும் முறையையே தொடும் வினாவாகும்.

சித்திரம், படம், திரை

இரமணர் ஓவியர் அல்லர். ஓட்டுச் சிரட்டைகளைத் தேய்த்து மெருகேற்றுதல், கைத்தடி செதுக்குதல், இலை தைத்தல், ஏடுகளைக் கட்டமைத்தல் ஆகிய கைவேலைகளில் அவர் காட்டிய நுணுக்கத்தை அடியவர்கள் பலர் பதிவு செய்துள்ளனர். எனினும் அவருடைய நூல்களில் ஓவியம் ஓர் உவமையாக அடிப்படையான இடத்தைப் பெற்றுள்ளது. 1928-இல் உருவான உள்ளது நாற்பதின் நூற்பகுதி அவ்வுவமையுடனேயே தொடங்குகிறது. பெயரும் உருவமுமாகிய சித்திரம், அதனைக் காண்பவன், அது பொருந்தியுள்ள படம், காண உதவும் ஒளி ஆகிய நான்கும் ஒரே முதற்பொருளே என்பது அதன் கருத்து. இங்குப் ‘படம்’ என்பது இக்காலத்திற்போல வரையப்பட்ட உருவத்தைக் குறிக்கவில்லை. உருவத்தைத் தாங்கும் துணியைக் குறிக்கிறது. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலுள்ள மெழுகு பூசிய துணியைச் சுட்டும் ‘படம்’ என்னும் அதே சொல்தான் இது. அத்துணியில் தீட்டப்பட்ட மேடம் முதலிய இராசிகளையும், திங்களைப் பிரியாத உரோகிணியையும் நோக்கி அரசி பெருமூச்சு விடுகிறாள். ஓவியத்தின் முன் ஒருவர் தனித்திருந்து தன் நிலையை உணர்வதைக் காட்டும் மிகப் பழைய தமிழ்க் காட்சிகளுள் இதுவும் ஒன்று.

1917-இல் இரமணர் வடமொழியில் இயற்றிப் பின்னர்த் தமிழாக்கிய அருணாசல பஞ்சரத்னத்தின் இரண்டாம் பாடலும் இங்குக் கருதத்தக்கது. உலகனைத்தும் அருணாசலத்தில் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் கூறும் அப்பாடலில் ‘சித்திரம்’ என்னும் சொல் ஓவியம், வியப்பு ஆகிய இரு பொருளுக்கும் இடந்தருமாறு நிற்கிறது. தமிழாக்கத்திலும் அச்சொல் மாற்றப்படவில்லை.

இவ்வுவமைக்கு வேதாந்த மரபில் நெடிய வரலாறு உண்டு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வித்தியாரண்யரின் பஞ்சதசியில் ஆறாம் இயலுக்குச் ‘சித்திரதீபம்’ என்றே பெயர். வெளுத்த துணி, கஞ்சியிட்டு மெருகேற்றிய துணி, கோட்டுருவம் வரைந்த துணி, வண்ணம் தீட்டிய துணி என ஓவியத் துணிக்குரிய நான்கு நிலைகளைப் பரம்பொருளின் நான்கு நிலைகளுக்கு அந்நூல் உவமையாக்குகிறது. ஓவியத் தொழிலின் படிமுறையை அறிந்தவர்க்கே இவ்வுவமை முழுமையாக விளங்கும். இதில் மூன்றாம் நிலையாகிய வண்ணம் பெறாத கோட்டுருவத்தையே பழந்தமிழ் ‘புனையா ஓவியம்’ என்றது.

ஆனால் இவ்வுவமைக்குள் ஓவியர்க்கு ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரம் நிலையற்றது, துணியே உண்மை என்று கொண்டால், மேலும் ஒரு சித்திரத்தை எதற்காகத் தீட்ட வேண்டும்? வேதாந்த உவமையில் ஓவியம் கடந்து செல்ல வேண்டியதொன்று. ஓவியனோ அதனை மேலும் பெருக்குபவன். தூரிகையை வைத்துவிட்டு மலையடிவாரத்தில் அமர்வதே முறையான முடிவு என்று ஓர் இளம் ஓவியர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

கொண்டையராஜுவின் வருகையும் திரும்புதலும்

கொண்டையராஜு சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய அப்பள்ளி, கைவினைஞர்களை உருவாக்குதல், ஐரோப்பிய முறையில் உருவம் வரையக் கற்பித்தல் என்னும் இரு நோக்கங்களுக்கிடையே நெடுங்காலம் ஊசலாடியது. அங்குப் பெற்ற ஒளிநிழற் பயிற்சியும் உடற்கூற்று அறிவும் கொண்டையராஜுவின் பிற்கால ஓவியங்களில் தெளிவாகத் தெரிகின்றன. படிப்பு முடிந்தபின் உலகியல் வாழ்வில் நாட்டமின்றித் திருவண்ணாமலை சென்ற அவர், இரமணரின் அண்மையில் சில காலம் துறவியைப்போல் வாழ்ந்தார். அங்கிருந்து ஓவியத்துக்குத் திரும்பியது இரமணரின் அறிவுரையினாலேயே என்பது அவருடைய மாணவர் வழிவந்த செய்தி.

இச்செய்தியை எவ்வாறு கையாள்வது என்பது ஆய்வுமுறை சார்ந்தது. குருவை நாடிச் சென்ற சீடனை அவனுடைய தொழிலுக்கே திருப்பியனுப்பும் கதையமைப்பு நம் சமய வரலாறுகளிற் பரவலாக உள்ளது. ஆகவே இதனை ஓர் உரையாடலின் நேரடிப் பதிவாகக் கொள்ளாமல், அவ்வோவியக் குழுவினர் தம் தொழிலை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கான சான்றாகக் கொள்வதே தகும். அவ்வாறு கொள்ளும்போதும் அதன் மதிப்புக் குறைவதில்லை. நாங்கள் செய்வது பிழைப்பு மட்டும் அன்று, ஆணையின்பாற்பட்ட பணி என்ற தன்னுணர்வை அது காட்டுகிறது. மேலும், அச்செய்தி இரமணரின் பொதுவான போக்கிற்கு முரணானதும் அன்று. இல்லறத்தையும் தொழிலையும் விட்டுவர விரும்பியவர்களை அவர் பெரிதும் ஊக்குவித்ததில்லை. துறக்க வேண்டியது செயலை அன்று, ‘நான் செய்கிறேன்’ என்னும் எண்ணத்தையே என்பது அவர் பலமுறை வலியுறுத்திய கருத்து. பயன் கருதாது இறைவனுக்காக ஆற்றும் செயல் மனத்தைத் தூய்மையாக்கும் என உபதேச உந்தியாரும் கூறுகிறது. மேலே எழுப்பிய சிக்கலுக்கு இங்கு ஒரு விடை கிடைக்கிறது: ஓவியம் தடையன்று, ஓவியன் என்னும் முனைப்பே தடை.

திரும்பியவர் கலைக்கூடம் அமைக்கவில்லை. நாடகக் குழுவொன்றில் காட்சித்திரை தீட்டுபவராகச் சேர்ந்தார். அரண்மனை, காடு, தெரு, கயிலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் பெருந்துணிகளில் திரை எழுதும் வேலை அது. உலகைத் திரைச்சித்திரமாகக் கண்டவரின் அருகிருந்து வந்தவர் திரைச்சீலை எழுதப் போனார் என்பதை ஒரு தற்செயல் ஒற்றுமை என்ற அளவில் குறிப்பிடலாம். அதற்குமேல் அதில் பொருள் தேடுவது ஆய்வாகாது. ஊர் ஊராகச் சென்ற அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. 1940-களில் அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அங்கு உருப்பெற்ற ஓவிய, ஒளிப்படக்கூடத்தைச் சுற்றி டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலிய மாணவர்கள் உருவாயினர்.

இடத்தேர்வு அவருடையதன்று, ஆனால் இடம் பொருத்தமாயிற்று. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள சிவகாசி, தீப்பெட்டித் தொழிலின் வழியே முகப்புச்சீட்டு அச்சிடலுக்கும், அதன் வழியே நாட்காட்டி அச்சிடலுக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வ உருவங்களை இல்லந்தோறும் கொண்டு சேர்க்கும் வழியை முன்பே திறந்துவிட்டிருந்தது. ஆடிப்பெருக்கன்று புதிய மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவதும், வணிகர்கள் அவற்றிலிருந்து தெரிவுசெய்து தம் கடைப்பெயரை அடியில் அச்சிட்டுப் பெறுவதும் சிவகாசியின் ஆண்டுச் சுழற்சியாயின. முருகன், திருமகள், கலைமகள், மீனாட்சி திருக்கல்யாணம் எனக் கோவில்பட்டி ஓவியர்கள் தீட்டிய உருவங்கள் அச்சுழற்சியில் ஏறித் தமிழகமெங்கும் பரவின.

சந்தையும் தியானமும்

இதனைத் தியான ஓவியம் என்று கூறலாமா? மறுப்புக்குரிய காரணங்கள் வலுவானவை. பொருளைத் தெரிவுசெய்தவர் பெரும்பாலும் ஓவியர் அல்லர், அச்சகத்தாரும் வணிகருமே. ஒப்பனையும் முகச்சாயலும் மக்கள் விருப்பத்தை ஒட்டி அமைந்தன. நாடகமேடையும் ஒளிப்படமும் உருவாக்கிய பார்வைமுறை அவ்வுருவங்களின் உடலமைப்பிலும் நிற்கும் நிலையிலும் பதிந்துள்ளது. தென்னக நாட்காட்டி ஓவியத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடியான ஸ்டீபன் இங்லிஸ், கொண்டையராஜுவைக் கைவினை மரபுக்கும் பெருந்திரள் அச்சுக்கும் இடைநின்ற கலைஞராக விளக்குகிறார். கிறிஸ்டோபர் பின்னி (2004), கஜ்ரி ஜெயின் (2007) ஆகியோரின் நூல்கள் அச்சிட்ட தெய்வ உருவங்களை அரசியலோடும் வணிகத்தோடும் பொருத்திக் காட்டுகின்றன. இவ்வாய்வுகளுக்குப்பின் நாட்காட்டி ஓவியத்தைக் களங்கமற்ற பக்தி வெளிப்பாடு என்று எழுதுவது இயலாது.

ஆயினும் ‘தியானம்’ என்னும் சொல் நம் சிற்ப மரபில் ஒரு கலைச்சொல் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு தெய்வத்தின் நிறம், கைகள், படைக்கலங்கள், இருக்கை, முகக்குறிப்பு ஆகியவற்றைக் கூறும் செய்யுளுக்குத் ‘தியான சுலோகம்’ என்றே பெயர். அதனை மனத்தில் நிறுத்தி, உருவம் உள்ளே தெளிந்தபின் கையால் வடிப்பதே முறை. உருவத்தின் குறைக்குக் கையின் பயிற்சிக் குறைவை மட்டுமன்றி மனத்தின் தளர்வையும் காரணமாகக் கூறுவர். காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தில் அரசன், நேரில் கண்ட மாளவிகையின் அழகுக்கு அவளது ஓவியம் ஈடாகாதபோது, வரைந்தவரின் சமாதி தளர்ந்திருந்தது என்று முடிவு செய்கிறான். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1934-இல் வெளிவந்த ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்று பெயர் பெயர்க்கத்தக்க நூலில் இக்காட்சியை எடுத்துக்காட்டி, இந்தியக் கலைஞனின் செயல் யோகத்தின் இயல்புடையது என வாதிட்டார். குமாரசுவாமி பொதுமைப்படுத்தியது சற்று மிகை என்பது என் கருத்து. கூலிக்கு உழைத்த ஓவியர் அனைவரும் யோகியர் அல்லர். ஆனால் தியானம் என்பது உருவமற்ற அமைதி மட்டுமன்று, வரையறுத்த ஓர் உருவத்தை மாற்றமின்றி மனத்தில் ஏந்தலும் ஆகும் என்ற அவருடைய அடிப்படை சரியானது.

இவ்வரையறையைக் கொண்டு நோக்கினால் கோவில்பட்டி ஓவியங்களின் ‘குறை’ எனப்படுபவை வேறு தோற்றம் பெறுகின்றன. ஒரே உருவம் மீண்டும் மீண்டும் வரையப்பட்டது, புதுமை குறைவு, ஓவியரின் தனித்தன்மை அழிந்துள்ளது என்பன நவீனக் கலைத் திறனாய்வு சுமத்தும் குற்றங்கள். தியான மரபிலோ மீள மீள வரைதல் உருவேற்றுதலுக்கு நிகரானது. கொண்டையராஜுவின் பெயரும் மாணவர் சுப்பையாவின் பெயரும் ஒரே படத்தின் அடியில் சேர்ந்து நிற்பதும் இங்குக் கவனத்துக்குரியது. யார் முகம் வரைந்தார், யார் அணிகலன் தீட்டினார் என்று பிரித்தறிய இயலாத கூட்டுழைப்பு அது. குருவின் பெயருக்கு இருந்த விற்பனை மதிப்பும் இதற்கு ஒரு காரணமாகலாம். இறுதிவரை மணம் செய்துகொள்ளாது, தனக்கெனச் சேர்க்காது, மாணவர்களுடன் வாழ்ந்த ஒருவரிடம் அவ்விளக்கம் மட்டும் போதுமானதன்று.

இன்னொன்றும் உண்டு. தனிமனித தியானத்தை ஓவியரின் பக்கத்தில் மட்டுமே தேடுவதால், காண்பவரின் பக்கத்தைக் காணத் தவறுகிறோம். கடைக்காரர் விளம்பரமாகத் தந்த நாட்காட்டியில் தேதித்தாள் தீர்ந்தபின், மேலுள்ள படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டுப் பூசைமாடத்தில் வைப்பது தமிழ் இல்லங்களின் வழக்கம். பல்லாயிரம் படிகளாகச் சந்தையில் சிதறிய உருவம், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் விடியற்காலையில் தனித்து நோக்கும் உருவமாக மீள்கிறது. இரமணரின் உருவத்துக்கும் இதுவே நேர்ந்தது. வெல்லிங் 1940-களில் எடுத்த மார்பளவு ஒளிப்படம் அச்சாகவும் வண்ண ஓவியமாகவும் படியெடுக்கப்பட்டு உலகெங்கும் தியான அறைகளில் நிலைபெற்றுள்ளது.

எதிர்த்திசையில் ஒருவர்

1950 ஏப்ரலில் வேறொருவர் இரமணாசிரமத்துக்கு வந்தார். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இரமணரின் இறுதி நாட்களைத் தம் லைக்கா கருவியால் பதிவு செய்தார். ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு இரமணர் மறைந்த வேளையில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் சென்றதைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். கணப்பொழுதைப் பிடிக்கும் கலைஞர் எனப் புகழ்பெற்ற அவர், இளமையில் ஆந்த்ரே லோத் என்பவரிடம் ஓவியம் பயின்றவர். 1970-களில் ஒளிப்படத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, 2004-இல் மறையும்வரை கோட்டோவியத்தில் ஈடுபட்டார். ஒளிப்படம் உடனடிச் செயல், வரைதலோ தியானம் என்பது அவர் வகுத்த வேறுபாடு. இம்மாற்றத்துக்குத் திருவண்ணாமலையே காரணம் என்று கூறுவதற்கில்லை. சென் பௌத்த நூல்களின் தாக்கத்தை அவரே குறிப்பிட்டுள்ளார். ஆனால் இரு வாழ்க்கைகளையும் அருகருகே வைக்கும்போது தியான ஓவியம் பற்றிய இரு கருத்துகள் துலங்குகின்றன. பிரெஸ்ஸோன் அச்சு உலகிலிருந்து விலகி, காண்போரை எண்ணாது, கண்முன் உள்ள மரத்தையும் உடலையும் மெதுவாக நோக்கி வரைந்தார். கொண்டையராஜு அச்சு உலகிற்குள் புகுந்து, கண்முன் இல்லாத உருவத்தைக் காண்போர்க்காகவே வரைந்தார். முன்னவர்க்குத் தியானம் நோக்குதலில். பின்னவர்க்கு அது உட்கண்ட உருவத்தை வெளிக்கொணர்தலில்.

இவ்விரண்டும் ஒருவரிடமே கூடியமைக்குத் தமிழில் சான்று உண்டு. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வழியே அறியப்பட்ட சில்பி (பி. எம். சீனிவாசன், 1919–1983), கோயில்களின் உள்ளே அமர்ந்து, விளக்கொளியில் மூலவர் திருமேனிகளை நேரில் நோக்கி வரைந்தவர். வரைவதற்குமுன் நோன்பும் வழிபாடும் மேற்கொண்டார். ஒளிப்படக் கருவி நுழைய இயலாத கருவறையை அவர் கோடுகள் வார இதழின் பக்கங்களுக்குக் கொணர்ந்தன. சென்னைக் கலைப்பள்ளி மாணவர். வெகுமக்கள் இதழின் ஊழியர். ஆயினும் வரைதல் அவருக்கு வழிபாடு. தமிழ்ச்சூழலில் தியான ஓவியமும் அச்சு ஊடகமும் பகையாக இருந்ததில்லை என்பதற்குக் கொண்டையராஜு மட்டுமே சான்று அல்லர்.

இதே பள்ளியின் மற்றொரு வழி நன்கு அறியப்பட்டது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. எழுத்தும் குறியும் இயந்திரக் கோலங்களும் கலந்த பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை ஆன்மிக நோக்குடைய நவீனத்துவம் என்று திறனாய்வாளர் கொண்டாடினர். அது தக்கதே. ஆனால் அதே ஆண்டுகளில் கோவில்பட்டியில் நடந்ததற்குத் தமிழகக் கலைவரலாற்று நூல்கள் ஒதுக்கிய இடத்தை ஒப்பிட்டால், ஓவியர் தன்னை முன்னிறுத்தும்போது மட்டுமே அவருடைய அகவாழ்வை நாம் ஏற்கிறோம் என்பது புலனாகிறது.

மலையைத் தீட்டுவோர்

மீண்டும் செங்கம் சாலைக்கு வரலாம். 2668 அடி உயரமுள்ள அருணாசலம், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வடிவம் காட்டுகிறது. வண்ணப்பெட்டியுடன் அதன்முன் அமர்பவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு தெரிவைச் செய்கிறார். மலையை நிலக்காட்சியாகக் கண்டால் ஒளி, பாறை, மேகம் ஆகியவற்றின் மாற்றமே அவருக்குப் பொருள். செசான் தம் ஊருக்கருகிலுள்ள மலையைப் பல ஆண்டுகள் வரைந்ததைப் போன்றது அது. மலையே இலிங்கம் என்னும் தலமரபின்படி கண்டாலோ அவர் எழுதுவது திருவுருவம். அதன் மாறாத தன்மையே அங்குப் பொருள். கார்த்திகைத் தீபத்துடன் மலையையும் அதனுள் இலிங்கத்தையும் காட்டி நகரின் கடைகளில் விற்கப்படும் அச்சுப்படங்கள் இரண்டாம் வகையின. ஆசிரமவாசிகளின் நீர்வண்ண ஓவியங்கள் பெரும்பாலும் முதல் வகையின. பின்னதைக் கலையென்றும் முன்னதை மலிவுப் பொருளென்றும் பிரிக்கும் பழக்கம் கண்ணைவிடப் பெரிதும் கல்வியாலேயே வருகிறது. இரமணாசிரமத்திலேயே சிற்ப மரபு உயிர்ப்புடன் செயற்பட்டதை இதனோடு எண்ணுதல் வேண்டும்: அன்னையின் சமாதி மீது வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பில் எழுப்பப்பட்டு, 1949 மார்ச்சில் குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயத்தில், அளவுமுறை வழுவாத ஸ்ரீசக்கர மேரு நிறுவப்பட்டது. உருவமற்ற உண்மையைப் போதித்தவரின் இல்லத்தில் உருவம் தன் இலக்கணத்தோடு இடம்பெற்றிருந்தது.

இவற்றை விரிவாக ஆராயத் தடையாக இருப்பது சான்றுகளின் நிலை. நாட்காட்டிக்காக வரையப்பட்ட மூல ஓவியம் விலைக்கு விற்கப்பட்டபின் அச்சகத்தாரின் உடைமையாகிவிடும். வண்ணம் பிரித்து அச்சேறியபின் அதற்குத் தனிமதிப்பு இருந்ததில்லை. அச்சுப்படிகளோ ஆண்டு முடிந்ததும் பழைய தாள்களோடு சென்றுவிடுகின்றன. பூசைமாடங்களில் எஞ்சியவை புகையும் எண்ணெயும் படிந்து கருத்துவிட்டன. அவற்றைப் புதிய படத்துக்காக அகற்றும் குடும்பங்களே இன்று இவ்வரலாற்றின் முதன்மை ஆவணக்காப்பாளர். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நூலென்று கருதப்படாத துண்டு வெளியீடுகளையும் திரட்டிக் காத்ததனால்தான் நாடக, இசைத்தட்டு வரலாறுகள் எழுதக்கூடியன ஆயின. தமிழ்த்துறைகளின் களஆய்வு மாணவர்கள் தத்தம் ஊரில் பத்து வீடுகளின் பூசைமாடப் படங்களை ஒளிப்படமெடுத்து, அடியிலுள்ள ஓவியர் பெயர், அச்சகப் பெயர், கடைப்பெயர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவந்தால், கோவில்பட்டி ஓவியங்கள் எங்கெங்குச் சென்று யாரால் வணங்கப்பட்டன என்பதற்கு முதல் வரைபடம் கிடைக்கும்.